மாற்றலாகிப் போகும் வீடும் மாற மறுக்கும் கார்டும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. நம் ஆட்களில் யாருக்காவது மாற்றல் வந்தால் பள்ளிக்கூடம், வாடகை வீடு, லாரி எல்லாம் பேசி முடித்தபிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும். "அந்த டி.டி.எச். பொட்டிய என்ன பண்றதுங்க?"

ஒருத்தர், "கழட்டி எடுத்துட்டுப் போங்க, எல்லா ஊர்லயும் வேலை செய்யும்" என்பார். இன்னொருத்தர், "கார்டை மட்டும் உருவி எடுத்துக்குங்க, பொட்டிய அங்க போய் வாங்கிக்கலாம்" என்பார். மூணாவது ஆள், "ரெண்டும் வேஸ்ட்டு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்பார். மூன்று பேருமே அனுபவஸ்தர்கள். மூன்று பேர் சொல்வதும் எங்கேயோ யாருக்கோ நடந்ததுதான். அதுதான் பிரச்சினையே. ஒரு சாதாரண காரியத்துக்கு மூன்று பதில் இருந்தால், அங்கே விதி என்று ஒன்று சரியாக இல்லை என்று அர்த்தம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தா கட்டுவது நாம். அந்தச் சந்தா நம்முடன் வர வேண்டும். பொட்டி மாறினாலும் வர வேண்டும், ஊர் மாறினாலும் வர வேண்டும். வராததற்குத் தொழில்நுட்பம்தான் காரணம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. அது பாதி உண்மை. மீதிப் பாதி, வர விடுவதில் அவர்களுக்கு லாபம் இல்லை என்பது.

மற்றதெல்லாம் மாறுகிறதே?

கேஸ் கனெக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஊர் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து ஒரு வவுச்சர் தருகிறார்கள். அதைக் கொண்டுபோய்ப் புது ஊரில் காட்டி, அங்கே டெபாசிட் கட்டினால் அடுப்பு எரிகிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் மாற்றலான நம் அப்பாக்கள் காலத்திலேயே இது இருந்தது. சிலிண்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு யாரும் நாக்பூர் போனதில்லை.

செல்போனைப் பாருங்கள். சிம்மை எந்தப் போனில் போட்டாலும் பேசும். 2011 ஜனவரி 20 முதல் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம் என்றார்கள். 2015 ஜூலை 3 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அதே நம்பர். ரேஷன் கார்டைக்கூட விடவில்லை. 2019-ல் நாலு மாநிலங்களில் ஆரம்பித்த 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம், 2022 ஜூனில் அசாமும் சேர்ந்தபோது நாடு முழுக்க வந்துவிட்டது. திருநெல்வேலிக்காரர் சூரத்தில் அரிசி வாங்கலாம்.

அரிசி மாறுகிறது, அடுப்பு மாறுகிறது, போன் நம்பர் மாறுகிறது. டிவி பொட்டியின் கார்டு மட்டும் "நான் வரமாட்டேன்" என்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நாலில் ஊர் மாறுவதற்கு மிகச் சுலபமானது டிவிதான். சிலிண்டருக்குக் கிடங்கு வேண்டும், அரிசிக்குக் கடை வேண்டும், போனுக்கு டவர் வேண்டும். டி.டி.எச்.சுக்கு வானம் போதும். 83 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோள், சென்னை மொட்டை மாடியில் கொட்டும் அதே சிக்னலைத்தான் டெல்லி பால்கனியிலும் கொட்டுகிறது. சென்னையில் டிஷ் பார்க்க வேண்டிய உயரம் சுமார் 74 டிகிரி, டெல்லியில் சுமார் 56. டிஷ்ஷைக் கொஞ்சம் சாய்த்து, திசையைச் சரிபார்க்க ஓர் ஆள் வர வேண்டும். உண்மையாகத் தேவையான வேலை அவ்வளவுதான்.

கார்டுக்குள் என்ன இருக்கிறது?

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். விஷயம் தெரிந்தால் கஸ்டமர் கேரில் நம்மை ஏமாற்றுவது கஷ்டம்.

சேனல் பூட்டியபடி வானத்திலிருந்து வருகிறது. அந்தப் பூட்டின் சாவி சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். மாறும் சாவியும் அதே சிக்னலில்தான் வருகிறது, அதுவும் ஒரு பூட்டுக்குள். அந்த இரண்டாவது பூட்டைத் திறப்பதுதான் கார்டின் வேலை. திறந்து சாவியை எடுத்துப் பொட்டியிடம் கொடுக்கும், பொட்டி படத்தைக் காட்டும்.

நீங்கள் பணம் கட்டினீர்களா, எந்தெந்தச் சேனல் உங்களுக்கு உண்டு என்ற தகவலும் வானத்திலிருந்தே வருகிறது. கார்டு நம்பருக்கு முகவரி எழுதிய கடிதம் மாதிரி. அந்தக் கடிதத்தைக் கொஞ்ச நேரத்துக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். அப்போது பொட்டி ஆன் ஆகியிருந்து சிக்னலும் வந்துகொண்டிருந்தால் கார்டு அதை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் "அரை மணி நேரம் பொட்டிய ஆன்லயே வைங்க சார்" என்கிறார்கள். இரண்டு மாதம் லீவில் ஊருக்குப் போய்விட்டு வந்து ஆன் செய்தால், பணம் இருந்தும் படம் வராததற்குக் காரணமும் இதுதான். கடிதம் வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. மறுபடி அனுப்பச் சொன்னால் வந்துவிடும். ரிஃப்ரெஷ் என்று அவர்கள் சொல்வது இந்த மறு கடிதத்தைத்தான்.

இதுவரை சிம் கார்டு மாதிரியேதான் இருக்கிறது, இல்லையா? வித்தியாசம் அடுத்த படியில் வருகிறது. கார்டு பொட்டியிடம் சாவியைக் கொடுக்கும் இடத்தில்தான் திருடர்கள் கை வைத்தார்கள். ஒரு கார்டு திறக்கும் சாவியை ஒட்டுக்கேட்டு, நெட் வழியாக நூறு வீட்டுக்கு அனுப்பிவிடுவது. ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் இது பெரிய வியாபாரமாகவே நடந்தது. அதைத் தடுக்க, கார்டுக்கும் பொட்டிக்கும் நடுவில் நடக்கும் பேச்சையும் பூட்டினார்கள். இந்தக் கார்டு இந்தப் பொட்டியோடு மட்டும்தான் பேசும் என்று ஜோடி போட்டுவிட்டார்கள். பேரிங் என்பது இதுதான். அந்த ஜோடிப் பொட்டியை விட்டு வேறு பொட்டியில் கார்டைச் செருகினால், அதே கம்பெனிப் பொட்டியாக இருந்தாலும் படம் வராது.

ஜோடி போட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. திருட்டைத் தடுக்கட்டும். ஆனால் போட்ட ஜோடியைப் பிரித்து மறு ஜோடி போட முடியாதா என்பதுதான் கேள்வி. ஒரே கம்பெனியின் ஒரே வகைப் பொட்டி என்றால் பெரும்பாலும் முடியும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இந்தக் கார்டு நம்பர், இந்தப் பொட்டி நம்பர் என்று மாற்றி எழுதி, வானம் வழியாக ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அவ்வளவே.

ஐந்தாவது போன்

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், வீட்டில் நடந்தது. வடோதராவில் ஒரு மழைக்காலத்தில் இடி இறங்கி எங்கள் பொட்டி போய்விட்டது. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வருடச் சந்தா கட்டியதில் ஏழு மாதம் பாக்கி. அதே கம்பெனியின் அதே மாடல் பொட்டி ஒன்று, கனெக்‌ஷனை விட்டுவிட்ட எதிர் வீட்டு மராத்திக்காரர் பரணில் சும்மா கிடந்தது. "எடுத்துக்கோங்க பாய்சாப்" என்று கொடுத்துவிட்டார்.

கம்பெனி பெயர் வேண்டாம். போன் போட்டேன். "கார்டை வேற பொட்டியில போட முடியாது சார், டெக்னிக்கலா இம்பாசிபிள். புது கனெக்‌ஷன் எடுத்துக்குங்க." ஏழு மாதப் பாக்கி? "புது கனெக்‌ஷனுக்கு அது வராது சார்." நாலு போன், நாலு பேர், ஒரே பதில். ஹிந்தியில் இரண்டு தடவை, தமிழில் இரண்டு தடவை. தமிழில் கேட்டால் கொஞ்சம் இரக்கம் கிடைக்கும் என்று நினைத்தேன். தமிழிலும் இம்பாசிபிள் இம்பாசிபிள்தான்.

இந்த நேரத்தில் அம்மாவுக்கு 74 வயது. ஹிந்தியும் தெரியாது, குஜராத்தியும் தெரியாது. நாங்கள் இருவரும் காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு ஆகும், பிள்ளைகள் வர மூன்றரை. அதுவரைக்கும் வீட்டில் தமிழ் பேசும் ஒரே ஜீவன் அந்த டிவிதான். "சீரியல் போகட்டும்டா, ஊர்ல மழை பெய்ஞ்சுதான்னு நியூஸ்ல பார்த்தாத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்" என்பார். பதினோரு நாள் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவது போனில் வேறொருவர் எடுத்தார். அலுத்துப்போய் இருந்தாரோ, நல்ல மனுஷனோ தெரியாது. கார்டு நம்பர் கேட்டார், பொட்டி நம்பர் கேட்டார், பழைய சொந்தக்காரர் கனெக்‌ஷனை விட்டதற்கு அவர் போனிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொன்னார். "இருபது நிமிஷம் ஆன்ல வைங்க." பதினைந்தாவது நிமிஷம் படம் வந்தது. ஏழு மாதச் சந்தாவும் அப்படியே இருந்தது.

நாலு முறை முடியாது என்று சொன்ன அதே கம்பெனி, ஐந்தாவது முறை கால் மணி நேரத்தில் செய்தது. நடுவில் புதுத் தொழில்நுட்பம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படியானால் அந்த இம்பாசிபிளுக்கு என்ன பொருள்? "உனக்குப் புதுப் பொட்டி விற்க வேண்டும்" என்பதுதான் பொருள். வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

2001-ல் சொன்னது என்ன?

இது ஒரே கம்பெனிக்குள் நடக்கும் கதை. கம்பெனி விட்டுக் கம்பெனி மாறுவது இன்னும் பெரிய கதை. அதில் கவர்மெண்டே நமக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

2001 மார்ச்சில் மத்திய அரசு டி.டி.எச். நடத்த அனுமதி தந்தபோதே, பொட்டி திறந்த அமைப்பில் இருக்க வேண்டும், ஒரு கம்பெனிப் பொட்டியில் இன்னொரு கம்பெனிச் சேவை வேலை செய்யும்படி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2003-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் பொட்டிக்கான தரத்தையும் வெளியிட்டது. அதன்படி பொட்டியில் பொதுவான ஒரு துவாரம் இருக்க வேண்டும். கம்பெனி மாறினால், புதுக் கம்பெனியின் பூட்டுத் திறக்கும் மாட்யூலை வாங்கி அந்தத் துவாரத்தில் செருகிக்கொள்ளலாம். பொட்டி அதேதான்.

காகிதத்தில் அருமை. நடைமுறையில் என்ன ஆனது? அந்த மாட்யூலின் விலை கிட்டத்தட்ட ஒரு புதுப் பொட்டி விலைக்கு இருந்தது. கம்பெனிகளோ புதுப் பொட்டியை நஷ்டத்துக்குக் கொடுத்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தன. புதுப் பொட்டியே மலிவாகக் கிடைக்கும்போது எவன் மாட்யூல் வாங்குவான்? கடைகளில் அதைத் தேடினாலும் கிடைக்காது.

அடுத்து, ஆளாளுக்கு ஒரு தொழில்நுட்பம். 2003-ல் வந்த டிஷ் டிவியும் 2006-ல் வந்த டாடா ஸ்கையும் எம்பெக்-2 முறையில் ஆரம்பித்தன. 2007 கடைசியில் வந்த சன் டைரக்ட் நேரே எம்பெக்-4-ல் ஆரம்பித்தது. பழைய பொட்டிக்குப் புது முறை புரியாது. பூட்டும் வேறு வேறு. டிஷ் டிவிக்கு கோனாக்ஸ், டாடா ஸ்கைக்கு என்.டி.எஸ்., சன் டைரக்டுக்கு இர்டெட்டோ. செயற்கைக்கோளும் வேறு வேறு இடத்தில். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வித்தியாசங்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டபிறகு, கம்பெனிகளே தேர்ந்தெடுத்தவை. யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

பிறகு 2020 ஏப்ரலில் டிராய் மறுபடி ஒரு பரிந்துரை கொடுத்தது. எல்லாப் பொட்டிகளும் கம்பெனி மாற்றத்துக்கு இடம் தர வேண்டும், அதற்கு யு.எஸ்.பி.யில் செருகும் புதுவகை மாட்யூலை வைத்துக்கொள்ளலாம், டிவி பெட்டிகளிலேயே அந்த வசதி வர வேண்டும் என்றது. நல்ல பரிந்துரை. பரிந்துரையாகவே இருக்கிறது. நீங்களும் நானும் கடைக்குப் போய் ஒரு பொதுப் பொட்டி வாங்கி, பிடித்த கம்பெனிக் கார்டைப் போட்டுப் பார்க்கும் நாள் வரவில்லை.

ஊர் முகவரி விவகாரம்

இதைச் சொல்லாமல் விட்டால் நம் ஆட்களுக்குப் பதிவு முழுமையாகாது. 2019-க்கு முன்னால் தென்னிந்திய பேக் என்று தனியாக, குறைந்த விலையில் வைத்திருந்தார்கள். வடக்கு முகவரிக்கு அது கிடையாது. வடக்கு பேக் எடுத்து, மேலே தமிழுக்கு என்று தனியாகக் கட்ட வேண்டும். நாற்பது ஹிந்திச் சேனலுக்குப் பணம் கட்டி நாலு தமிழ்ச் சேனல் பார்க்கும் வாழ்க்கை. உள்ளூர் கேபிளிலோ, மாட்டுங்கா, தாராவி, கரோல்பாக் மாதிரி நம் ஜனம் கூடி வாழும் இடத்தை விட்டால் தமிழ் என்பதே கிடையாது.

அதனால் நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? மதுரையிலோ திருச்சியிலோ அண்ணன் முகவரியில் கனெக்‌ஷன் எடுத்து, ஆக்டிவேட் செய்து, பொட்டியைத் துணிக்கு நடுவில் சுற்றி ரயிலில் கொண்டு வந்தார்கள். கம்பெனிக்குப் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. யாரும் திருடவில்லை. ஆனாலும் திருடின மாதிரி ஒரு பயம். சர்வீஸ் ஆள் வந்தால் என்ன சொல்வது, அட்ரஸ் கேட்டால் என்ன சொல்வது என்று.

காசு கொடுத்து வாங்கிய கார்டுக்கு எல்லை உண்டா என்ற கேள்வி வெளிநாட்டில் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் மதுக்கடை நடத்திய கேரன் மர்ஃபி என்ற பெண்மணி, உள்ளூர் விலை கட்டுப்படியாகாமல் கிரீஸ் நாட்டுக் கார்டை வாங்கிப் போட்டு ஃபுட்பால் காட்டினார். வழக்குப் போட்டார்கள், அபராதமும் விதித்தார்கள். கடைசியில் 2011 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு நாட்டில் முறையாக வாங்கிய கார்டை இன்னொரு நாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று தடுப்பது ஐரோப்பியச் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2012-ல் அவர் மீதான தண்டனை ரத்தானது. அங்கே இரண்டு நாடுகளுக்கு நடுவில் நடந்தது. நமக்கு ஒரே நாட்டுக்குள் மதுரைக்கும் வடோதராவுக்கும் நடுவில்!

2019 பிப்ரவரியில் டிராயின் புது விலை முறை வந்தபிறகு, வேண்டிய சேனலைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். எந்த ஊரில் இருந்தாலும் தமிழ்ச் சேனல்களை மட்டும் எடுக்கலாம். இதற்காக டிராயை நான் பாராட்டுவேன். அண்ணன் முகவரி இனிமேல் தேவையில்லை. இன்னும் பழைய முகவரியிலேயே ஓட்டுகிறவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது. ரிப்பேர் என்றால் நம் வீட்டுக்கு ஆள் வர வேண்டும் அல்லவா?

"இப்போ யாருங்க டி.டி.எச். பார்க்கறா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். எல்லாம் நெட்டில் வந்துவிட்டது, மொபைலில் வந்துவிட்டது என்பார்கள். உண்மைதான். 2021-ல் கிட்டத்தட்ட 7 கோடி இருந்த டி.டி.எச். சந்தாதாரர்கள் 2025-ல் 6 கோடிக்குக் கீழே வந்துவிட்டார்கள் என்று டிராய் கணக்கே சொல்கிறது. ஆனாலும் கோடிக்கணக்கான வீடு. அதில் நம் வீடுகளில் பார்ப்பது பெரும்பாலும் பெரியவர்கள். லாகின், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. என்று கேட்டால் அவர்கள் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் தமிழ் வர வேண்டும், அதுதான் அவர்கள் கேட்பது. ராணுவத்தில், ரயில்வேயில், அணைக்கட்டு வேலையில் இருக்கும் நம் ஆட்களுக்கு நல்ல நெட் கிடைக்காத ஊர்கள் இன்னும் எத்தனையோ.

இன்னொரு வாதம், கம்பெனி பொட்டியை நஷ்டத்துக்குக் கொடுக்கிறது, உடனே மாறிப் போனால் அவர்கள் கதி என்ன என்பது. நியாயம்தான். ஒரு வருடமோ, ஒன்றரை வருடமோ கட்டாயம் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி எழுதி வாங்கட்டும். அந்தக் காலம் முடிந்தபிறகும் பூட்டு எதற்கு? ஆறு வருடம் ஒழுங்காகப் பணம் கட்டினவனையும் முதல் நாள் வந்தவனையும் ஒரே பூட்டில் வைப்பது என்ன வியாபாரம்?

கார்டே இல்லாத பொட்டிகள் இப்போது வந்துவிட்டன. எல்லாம் உள்ளே சிப்பிலேயே. திருட்டுக்கு எதிராக அது நல்லது என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் முன்பு உருவி எடுக்க ஒரு கார்டாவது இருந்தது. இப்போது பொட்டி போனால் எல்லாம் போயிற்று. சந்தா என்பது பொட்டிக்கு அல்ல, ஆளுக்கு என்று எழுத்தில் வந்தால்தான் இதற்கு விடிவு.

என்ன கேட்கிறேன்?

1. ஒரே கம்பெனிக்குள் பொட்டி மாறினால், பாக்கிச் சந்தாவும் தேர்ந்தெடுத்த சேனல்களும் அப்படியே வர வேண்டும். "புது கனெக்‌ஷன் எடுங்க" என்ற பதிலே இருக்கக் கூடாது.

2. மறு ஜோடி போடுவது கஸ்டமர் கேர் ஆளின் மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமல், விதியாக இருக்க வேண்டும். அதற்கு நியாயமான கட்டணம் வாங்கட்டும், கொடுக்கிறோம்.

3. கேஸ் மாதிரி ஒரு வவுச்சர். இந்த ஊரில் பொட்டியைக் கொடுத்துவிட்டு அந்த ஊரில் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். நம் பரணில் கிடக்கும் செத்த பொட்டிகளை எண்ணிப் பாருங்கள். எங்கள் நாலு குடும்பத்தில் மட்டும் ஏழு இருக்கிறது. மின்கழிவு என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டாம்.

4. 2001-ல் போட்ட நிபந்தனையையும் 2020-ல் வந்த பரிந்துரையையும் தூசு தட்டி, இனி விற்கும் பொட்டிகளுக்காவது கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நம் பங்குக்கு

மாற்றல் வருகிறவர்கள் இவற்றைச் செய்துவிட்டுப் பொட்டியைக் கழற்றுங்கள்:

* சந்தாதாரர் எண், கார்டு எண், பொட்டியின் சீரியல் எண் மூன்றையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். மூன்றும் வேறு வேறு. கார்டு எண் கார்டிலேயே இருக்கும், பொட்டி எண் அடியில் ஒட்டியிருக்கும். போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

* வீட்டில் இரண்டு டிவி இருந்தால் கார்டுகளை மாற்றிச் செருகிவிடாதீர்கள். ஜோடி மாறினால் இரண்டிலும் படம் வராது. எது எதனுடையது என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

* பதிவு செய்த மொபைல் நம்பர் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். பழைய ஊர் நம்பரை விட்டுவிட்டால் பிறகு எதற்கும் ஓ.டி.பி. வராது.

* பொட்டி, கார்டு, ரிமோட், அடாப்டர் இவற்றைக் கையோடு கொண்டு போங்கள். டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு போவதா என்பது உங்கள் இஷ்டம், லாரியில் நெளிந்தால் பிரயோஜனம் இல்லை. எல்.என்.பி.யைக் கழற்றி வையுங்கள்.

* புது ஊரில் முதலில் முகவரி மாற்றம், அடுத்து டிஷ் திருப்புதல், கடைசியில் ரிஃப்ரெஷ். சிக்னல் வராமல் ரிஃப்ரெஷ் கேட்டுப் பலனில்லை, கடிதம் வந்து சேராது.

* "கார்டு இல்லை" என்று திரையில் வந்தால், பொட்டியை அணைத்துவிட்டுக் கார்டை எடுத்து, அந்தத் தங்க நிறப் பகுதியைக் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்துச் செருகுங்கள். பாதி நேரம் அதுதான் வியாதி.

* "மாசம் இவ்வளவு கொடுங்க, எல்லாச் சேனலும் நெட்டு வழியா உங்க பொட்டிக்கே வரும்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஜோடிப் பூட்டு வந்ததே அந்த ஆட்களால்தான்.

* அம்மா அப்பாவுக்குச் செய்தியும் பழைய பாட்டும் போதும் என்றால், டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறது. மாதச் சந்தா கிடையாது. 2024 ஜனவரியில் பொதிகை பெயர் மாறி டி.டி. தமிழ் ஆனதல்லவா, அதுவும் அதில் உண்டு. ஒரு பொட்டி வாங்கி வைத்துக்கொண்டால், பெரிய கம்பெனிக் கார்டு மக்கர் செய்யும் நாளில் வீட்டில் தமிழ் நிற்காது.

முடிவாக ஒன்று. "முடியாது" என்று சொன்னால், உடனே புதுசு வாங்கிவிடாதீர்கள். "ஏன் முடியாது? என் கார்டையும் இந்தப் பொட்டியையும் பேர் பண்ணித் தாங்க" என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். புகார் எண் வாங்குங்கள். மறுத்தால், அதே கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். கேட்கிறவர்கள் பத்துப் பேர் நூறு பேர் ஆனால்தான் ஐந்தாவது போனில் கிடைப்பது முதல் போனிலேயே கிடைக்கும்.

டிஸ்கி: நான் டிவி மெக்கானிக் இல்லை, எந்தக் கம்பெனி ஏஜெண்டும் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் பார்க்கும் சாதாரண சம்பளக்காரன்.